ஊழாக இருந்த சொல்: ‘வியர்ட்’ கடந்துவந்த ஆயிரம் ஆண்டுகள்

ஷேக்ஸ்பியர் மறைந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1623-இல், அவருடைய நாடகங்கள் ஒரே தொகுதியாக லண்டனில் அச்சாயின. ‘முதல் ஃபோலியோ’ எனப்படும் அந்தத் தொகுதியில் ‘மேக்பத்’ நாடகமும் உண்டு. நீ மன்னனாவாய் என்று மேக்பத்துக்கு வருவது உரைக்கும் மூன்று பெண்களுக்கு ஓர் அடைமொழி அதில் ஆறு இடங்களில் வருகிறது. முதல் மூன்று இடங்களில் ‘வேவர்ட்’ என்றும் அடுத்த மூன்று இடங்களில் ‘வேயர்ட்’ என்றும் எழுத்துக் கோத்திருக்கிறார்கள். இன்றைய பதிப்புகளில் நாம் வாசிக்கும் ‘வியர்ட்’ என்ற வடிவம் அங்கே ஓரிடத்திலும் இல்லை. அடங்காத, முரண்டு பிடிக்கிற என்ற பொருளில் லண்டன்வாசிகள் நன்கறிந்திருந்த சொல் ‘வேவர்ட்’. கைப்பிரதியில் இருந்த பழஞ்சொல் அச்சுக்கூடத்தாருக்குப் பிடிபடாமல், தெரிந்த சொல்லின் சாயலில் அதை அடுக்கிவிட்டார்கள் என்று கருத இடமிருக்கிறது. 1733-இல் வெளிவந்த பதிப்பில் லூயிஸ் தியோபால்ட் அதை ‘வியர்ட்’ என்று திருத்தினார். ஷேக்ஸ்பியர் கதை எடுத்த வரலாற்று நூலில் இருப்பதும் அந்தச் சொல்தான்.

அன்று லண்டனில் மங்கிக் கிடந்த அந்தச் சொல் இன்று ஆங்கிலம் பேசுகிற சிறுவர்கள் எல்லோர் வாயிலும் இருக்கிறது. சென்னைக் கல்லூரி வளாகங்களில் “அவன் வியர்டா பண்றான்” என்பது தமிழ் வாக்கியமாகவே ஆகிவிட்டது. விசித்திரம், விநோதம், ஒரு மாதிரி என்றெல்லாம் அதற்குப் பொருள் கொள்கிறோம். ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தச் சொல்லுக்கு விசித்திரம் என்ற பொருளே கிடையாது. அப்போது அது ஊழைக் குறித்த பெயர்ச்சொல். அரசன் முதல் அடிமை வரை எல்லோருக்கும் உரியது. பிறகு அது பெயரடையாகி, சிலர் மீது மட்டும் ஒட்டப்படுகிற அடையாளமாகச் சுருங்கியது. எல்லோரையும் ஆண்ட ஒரு சொல் எப்படிச் சிலரை ஒதுக்கும் சொல்லானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நிகழ்வதன் பெயர்

பழைய ஆங்கிலத்தில் இதன் வடிவம் ‘விர்ட்’. ஆகு, நிகழ் என்று பொருள்படும் ‘வெயோர்தன்’ என்ற வினையிலிருந்து பிறந்த பெண்பாற் பெயர்ச்சொல் அது. அந்த வினை ஆங்கிலத்தில் செத்துவிட்டது. உறவுமொழியான ஜெர்மனில் ‘வெர்டன்’ என்று இன்றும் அன்றாடம் புழங்குகிறது. ஆகவே விர்ட் என்றால் நிகழ்வது, நிகழ்ந்தே தீர்வது.

மொழியியலாளர்கள் இந்த வினையின் வேரை இன்னும் பின்னே கொண்டுபோகிறார்கள். திரும்புதல், சுழலுதல் என்ற பொருளுடைய இந்தோ ஐரோப்பிய வேர் அது. லத்தீனில் திருப்புதலைக் குறிக்கும் ‘வெர்ட்டெரே’யும் வடமொழியின் ‘வ்ருத்’ என்ற வேரும் அதன் கிளைகள். வடமொழிக் கிளையிலிருந்து தமிழுக்கு வந்த சொற்கள் பல. சக்கரவர்த்தி, பரிவர்த்தனை, நிவர்த்தி என்று நாம் சொல்லும்போதெல்லாம் வியர்டின் தூரத்து உறவினரைத்தான் அழைக்கிறோம்.

இந்த உறவு மிக நெருங்கித் தெரியும் இடம் ஒன்று உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஏட்டில் ஏறிய வடநாட்டுப் பழம்பாடல்களில், உலக மரத்தின் அடியில் இருக்கும் ஊற்றருகே மூன்று பெண்கள் இருந்து மாந்தரின் ஊழை வகுக்கிறார்கள். அவர்கள் பெயர் ஊர்த், வெர்தாந்தி, ஸ்குல்ட். ஊர்த் என்பது விர்ட்டின் உடன்பிறந்த சொல். ஸ்குல்ட் என்ற பெயர் கடனையும் கட்டாயத்தையும் குறிக்கும் சொற்களோடு சேர்ந்தது. நடுவில் உள்ள வெர்தாந்திக்கு ‘நிகழ்ந்துகொண்டிருப்பவள்’ என்று பொருள். அதே வேரிலிருந்து அதே இலக்கண வகையில் வடமொழி ஆக்கிக்கொண்ட எச்சம்தான் ‘வர்த்தமானம்’. அரசின் ஆணைகளை வெளியிடும் இதழை இலங்கைத் தமிழர் ‘வர்த்தமானி’ என்கிறார்கள். ஐஸ்லாந்தின் ஊழ்த்தெய்வமும் கொழும்பின் அரசிதழும் பெயரளவில் ஒரே வேரில் கிளைத்தவை.

பழைய ஆங்கிலக் காவியமான ‘பேயோவுல்ஃப்’ 3,182 வரிகள் கொண்டது. அதன் ஒரே கைப்பிரதி ஏறக்குறைய கி.பி. 1000-ஐ ஒட்டியது, இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கிரெண்டல் என்ற கொடிய உருவத்தோடு மோதப்போகும் தலைவன், தன் முடிவை விர்ட்டின் போக்குக்கு விட்டுவிடுகிறான். அதற்காக அவன் கைகட்டி நிற்பதில்லை. துணிவு உள்ளவனை ஊழ் சில வேளைகளில் தப்பவும் விடும் என்ற நம்பிக்கை அந்தக் காவியத்துக்குள்ளேயே இருக்கிறது. கிரெண்டல் நமக்கு எவ்வளவு விசித்திரமாகத் தெரிந்தாலும், அங்கே விர்ட் என்ற சொல் குறிப்பது அவனை அல்ல. அவனுக்கும் வீரனுக்கும் மேலே நின்று இருவரின் முடிவையும் வைத்திருக்கும் ஆற்றலை.

கிறித்தவம் வந்தபின் அந்த ஆற்றலுக்கு மேலே கடவுள் வந்தார். இதற்குத் துல்லியமான சான்று, ஆல்ஃபிரட் மன்னரின் பெயரில் வழங்கும் பொயீத்தியஸ் மொழிபெயர்ப்பு. ஆல்ஃபிரட் 871 முதல் 899 வரை ஆண்டவர். சிறையில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த ரோமானிய அறிஞர் பொயீத்தியஸ் 6-ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘தத்துவத்தின் ஆறுதல்’ என்ற லத்தீன் நூலின் ஆங்கில வடிவம் அது. கடவுளின் முன்னறிவு ஒன்று, அது நாள்தோறும் செயலாகும் விதம் மற்றொன்று எனப் பிரித்து, இரண்டாவதற்கு விர்ட் என்று பெயர் தருகிறது அந்நூல். விளக்குவதற்கு மொழிபெயர்ப்பாளர் ஒரு வண்டிச் சக்கரத்தைக் காட்டுகிறார். அச்சு கடவுள். அதை ஒட்டிய குடம் மேன்மக்கள், ஆரக்கால்கள் நடுத்தரத்தார், தரையில் உரசி உருளும் வெளிவட்டம் உலகப் பற்றில் உழல்பவர்கள். அச்சை நெருங்க நெருங்க விர்ட்டின் அலைக்கழிப்பு குறையும். சக்கரத்தில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. விர்ட்டுக்கு வெளியே நிற்பவர் என்று ஒரு சாரார் கிடையாது.

ஸ்காட்லாந்து காத்த சொல்

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சும் லத்தீனும் கோலோச்சின. ஊழைக் குறிக்க அந்த மொழிகள் வழியே வந்த ‘ஃபேட்’, ‘டெஸ்டினி’, ‘ஃபார்ச்சூன்’ ஆகியவை மெல்ல இடம்பிடித்தன. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசரிடம் பழைய சொல்லும் புதிய சொற்களும் அருகருகே நிற்பதைக் காணலாம். அதன்பின் தென்னிங்கிலாந்தில் பழைய சொல் மங்கிப்போனது.

வடக்கே ஸ்காட்லாந்தில் அது நின்று நிலைத்தது. தன் வியர்டைத் தானே அனுபவித்துத் தீர்க்க வேண்டும் என்ற மரபுத்தொடர் அங்கே நெடுங்காலம் வழங்கியது. வால்டர் ஸ்காட்டின் நாவல்கள் வழியே பிற்கால ஆங்கில வாசகருக்கும் அது தெரியவந்தது. ‘வியர்ட் சகோதரிகள்’ என்ற தொடரும் ஸ்காட்லாந்தின் கொடைதான். 8-ஆம் நூற்றாண்டு லத்தீன்-ஆங்கிலச் சொற்பட்டியல்களிலேயே, ரோமானியரின் மூன்று ஊழ்த்தெய்வங்களுக்கு நேராக விர்ட் என்பதன் பன்மை எழுதப்பட்டிருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட்ரூ ஆஃப் விண்டவுன் செய்யுளில் எழுதிய ஸ்காட்லாந்து வரலாற்றில், மேக்பத் கனவில் மூன்று பெண்களைக் கண்டு அவர்களை வியர்ட் சகோதரிகள் என்று எண்ணுகிறான். ஹெக்டர் போயிஸ் 1527-இல் லத்தீனில் எழுதிய வரலாறும் அதன் ஸ்காட் மொழிபெயர்ப்பும் அக்கதையை வளர்த்தன. அங்கிருந்து ராஃபேல் ஹோலின்ஷெட்டின் வரலாற்றுத் தொகுப்புக்கு அது வந்தது.

ஹோலின்ஷெட் நூலின் 1577-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. குதிரை மீது மேக்பத்தும் அவன் தோழன் பேங்கோவும் இருக்க, எதிரே மூன்று பெண்கள் நிற்கிறார்கள். அவர்கள் கந்தல் உடுத்திய கிழவிகளாக இல்லை; சிறப்பாக உடுத்திய சீமாட்டிகளாக இருக்கிறார்கள். ஊழின் தெய்வங்களாகவோ வன தேவதைகளாகவோ அவர்கள் இருக்கலாம் என்று நூலும் மதிப்போடு பேசுகிறது. 1611-இல் குளோப் அரங்கில் ‘மேக்பத்’ பார்த்த சைமன் ஃபோர்மன் என்ற மருத்துவர் தன் குறிப்பேட்டில் தேவதைப் பெண்கள் என்றே அவர்களைக் குறித்திருக்கிறார்.

ஆனால் 1606-ஐ ஒட்டி எழுதப்பட்ட அந்த நாடகத்தின் உரையாடல் வேறு உருவத்தைக் காட்டுகிறது. வற்றிய உடல், வெடித்த விரல், உலர்ந்த உதடு, பெண்ணா என்று ஐயுறவைக்கும் தாடி. மேடைக் குறிப்புகள் அவர்களைச் சூனியக்காரிகள் என்கின்றன. அன்றைய மன்னர் முதலாம் ஜேம்ஸ், 1597-இல் சூனியம் பற்றி ஒரு நூலே எழுதியவர். சூனியக்காரி எனக் குற்றம் சாட்டப்பட்டவர்கள் தூக்கிலிடப்பட்ட காலம் அது. ஒரே பாத்திரங்கள் மீது இரண்டு பெயர்கள் விழுந்தன. ஊழின் மகளிர் என்பது அவர்கள் தங்களைச் சொல்லிக்கொண்ட பெயர். சூனியக்காரிகள் என்பது மற்றவர் இட்டது. தாடி வைத்த கிழவிகளைப் பார்த்தபடியே ‘வியர்ட்’ என்ற சொல்லைக் கேட்ட அவையோருக்கு, ஊழ் என்ற பழைய பொருள் தெரியாதபோது, கண்ணுக்குத் தெரிந்த தோற்றமே சொல்லின் பொருளாகிவிட்டது. சொல்லின் வாழ்வில் நேர்ந்த பெரிய திருப்பம் இதுதான்.

தோற்றத்திலிருந்து தீர்ப்புக்கு

இந்தப் புதிய பொருள் எழுத்தில் வேரூன்றியது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஷெல்லி 1816-இல் வெளியிட்ட ‘அலாஸ்டர்’ கவிதையில் இரவின் அமைதி எழுப்பும் ஒலிக்கு இந்த அடைமொழியைத் தந்தார். அங்கே ஊழும் இல்லை, மூன்று பெண்களும் இல்லை; விளங்காத ஒன்றின் முன் நிற்கும் சிலிர்ப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் வழக்கத்துக்கு மாறான எதற்கும் ‘வியர்ட்’ என்று சொல்லும் அளவுக்குப் பொருள் நீர்த்துவிட்டது.

1923 மார்ச்சில் அமெரிக்காவில் ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற மலிவுவிலை இதழ் தொடங்கியபோது சொல்லுக்கு மறுபடியும் கனம் கூடியது. எச்.பி. லவ்கிராஃப்டின் புகழ்பெற்ற ‘கதூலுவின் அழைப்பு’ 1928-இல் அதில்தான் வந்தது. பேய், கொலை, சங்கிலிச் சத்தம் ஆகியவை மட்டும் ஒரு கதையை வியர்ட் ஆக்கிவிடாது, இயற்கை விதிகள் குலைகின்றன என்ற அச்சத்தை அது எழுப்ப வேண்டும் என்று லவ்கிராஃப்ட் வரையறுத்தார். ஆயினும் அவருடைய கதைகளில் அந்த அச்சம் வேற்றுக்கோள் உயிர்களோடு நிற்கவில்லை. வெளிநாடுகளிலிருந்து குடியேறியவர்கள் மீதும் கறுப்பினத்தார் மீதும் அருவருப்பாகப் படிந்தது. உலகக் கற்பனை இலக்கிய விருதாக வழங்கப்பட்டுவந்த அவருடைய தலைச் சிலை 2015-இல் கைவிடப்பட்டதற்கு இந்த இனவெறுப்பு குறித்த எதிர்ப்பே காரணம். விளங்காததைக் கண்டு சிலிர்ப்பதும், தன்னைப் போல் இல்லாதவரைக் கண்டு முகம் சுளிப்பதும் ஒரே சொல்லுக்குள் எவ்வளவு எளிதில் கலந்துவிடும் என்பதற்கு இது சான்று.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியவர் பிரிட்டிஷ் சிந்தனையாளர் மார்க் ஃபிஷர். அவர் 2017 ஜனவரியில் மறைந்தார். அவருடைய கடைசி நூல்களில் ஒன்று இந்தச் சொல்லைப் பற்றியது. இருக்கக் கூடாத இடத்தில் ஒன்று இருப்பதே வியர்ட் என்கிறார் அவர். உடனே அடுத்த படிக்குப் போகிறார்: அந்தப் பொருள் நம் கண்முன் இருக்கிறது என்றால் பிழை அதனிடம் இல்லை, உலகைப் பற்றி நாம் வைத்திருந்த எண்ணங்களே போதாதவை. நான் அறிந்தவரை இந்தச் சொல்லுக்கு இதைவிட நேர்மையான விளக்கம் இல்லை.

ஆங்கிலத்தில் இதன் அண்டைச் சொற்களையும் இங்கே பார்க்க வேண்டும். ‘ஸ்ட்ரேஞ்ச்’ லத்தீனில் வெளியாள் என்ற பொருளில் தொடங்கியது. ‘ஆட்’ முக்கோண முனையையும் இணை சேராத மூன்றாவதையும் குறித்த வடநாட்டுச் சொல். ‘எக்சென்ட்ரிக்’ மையத்திலிருந்து விலகியது என்ற கிரேக்கத் தொடர். இவை மூன்றும் பிறக்கும்போதே உள்ளே, வெளியே என்று கோடு கிழித்துக்கொண்டு பிறந்தவை. வியர்ட் மட்டும் அப்படிப் பிறக்கவில்லை. இன்று அது நான்கிலும் கடுமையானது. ‘ஸ்ட்ரேஞ்ச்’ என்றால் இன்னும் பழகவில்லை என்று பொருள், நாளை பழகிவிடலாம். ஒருவரை வியர்ட் என்றால் பழக விருப்பமில்லை என்பதும் அதில் அடங்கிவிடுகிறது. 1950களில் பரவிய ‘வியர்டோ’ என்ற பெயர் அந்த விலக்கலுக்கு முழு வடிவம் கொடுத்தது.

விலக்கப்பட்டவர்கள் சொல்லைத் தமதாக்கிக்கொண்டதும் நடந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டில் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், உள்ளூர் வானொலிக்கு நன்கொடை தரத் தொலைபேசியில் அழைத்த ரெட் வாசனிச் என்ற நூலகர், ஆஸ்டினை வியர்டாகவே வைத்திருக்க அந்த நிலையம் உதவுகிறது என்றார். அது நகரெங்கும் முழக்கமானது; பெருநிறுவனக் கடைகளுக்கு எதிரே சிறு கடைக்காரர்கள் அதை ஏந்தினார்கள்; போர்ட்லேண்ட் போன்ற நகரங்களும் எடுத்துக்கொண்டன. மறுபுறம், 2024 ஜூலையில் மினசோட்டா ஆளுநர் டிம் வால்ஸ் தொலைக்காட்சியில் எதிர்க்கட்சித் தலைவர்களை இதே சொல்லால் குறிப்பிட்டார். சில நாட்களில் அது அமெரிக்க அதிபர் தேர்தல் களத்தின் முக்கியச் சொல்லாயிற்று. வியர்டானவர்கள் நீங்கள்தான் என்று எதிர்த்தரப்பும் திருப்பிச் சொன்னது. இரு தரப்புமே அதற்கு விளக்கம் தரத் தேவையிருக்கவில்லை. விளக்கம் கேட்காமலேயே ஆளை விலக்கிவிடும் என்பதே அந்தச் சொல்லின் இன்றைய பலம், ஆபத்தும் அதுவே.

அளந்தவர்களை அளந்தபோது

இந்தச் சொல்லின் அண்மை வரலாற்றில் மிகப் பயனுள்ள நிகழ்வு அறிவியலில் நடந்தது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசஃப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், அரா நோரன்சயான் மூவரும் 2010-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மேற்கத்திய, கல்வி பெற்ற, தொழில்மயமான, செல்வம் மிக்க, ஜனநாயக என்ற ஐந்து அடைமொழிகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘வியர்ட்’ வருகிறது. உளவியல் ஆய்வுகளில் மனிதன் என்ற பெயரில் சோதிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் இந்த ஐந்துக்குள் அடங்கியவர்களே என்பது அவர்கள் வாதம். 2003 முதல் 2007 வரை உளவியலின் முன்னணி இதழ்களில் வந்த ஆய்வுகளை ஆராய்ந்த முந்தைய கணக்கெடுப்பு ஒன்றை அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஆய்வுக்கு உட்பட்டோரில் 96 சதவீதம் மேற்கத்திய தொழில்வள நாட்டினர். அந்நாடுகளில் வாழ்வதோ உலக மக்களில் 12 சதவீதம்தான். அமெரிக்கர் மட்டுமே 68 சதவீதம்.

ஒரு சோதனையைக் கிட்டத்தில் பார்ப்போம். சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலைகள் உள்நோக்கி மடங்கியிருக்கும். மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். விரிந்தது நீளமாகத் தெரியும். முல்லர்-லையர் மாயை எனப்படும் இதை நம் நாட்டு உளவியல் மாணவர்களும் ஆய்வகத்தில் செய்து பார்க்கிறார்கள். மனிதக் கண்ணின் பொது இயல்பு என்றே இது பாடமாகியிருந்தது. ஆனால் 1960களில் பல சமூகங்களில் செய்த ஒப்பாய்வில், அமெரிக்க மாணவர்களுக்கு இரு கோடுகளும் சமமாகத் தெரிய, குட்டையாகத் தோன்றும் கோட்டை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீட்ட வேண்டியிருந்தது. கலகாரிப் பாலையில் வேட்டையாடி வாழ்ந்த சான் மக்களை இந்த மாயை அநேகமாக ஏமாற்றவே இல்லை. பொது இயல்பு என்று நினைத்தது, செங்கோண மூலைகளும் தச்சு வேலைப்பாடும் நிறைந்த வீடுகளில் வளர்ந்தவர்களின் பழக்கமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கம் தேடினார்கள்.

பெருவின் அமேசான் காட்டில் வாழும் மச்சிகுவெங்கா மக்களிடம் ஹென்ரிக் நடத்திய ஆய்வும் இதையே காட்டியது. ஒருவர் கையில் பணம் தந்து, முகமறியாத மற்றவருக்கு எவ்வளவு பங்கு தருவார் என்று கேட்கும் விளையாட்டு அது. பெறுபவர் மறுத்துவிட்டால் இருவருக்கும் ஒன்றுமில்லை. லாஸ் ஏஞ்சலஸ் மாணவர்கள் சராசரியாக ஏறத்தாழப் பாதியை நீட்டினார்கள். மச்சிகுவெங்கா மக்கள் தந்தது சராசரி 26 சதவீதம். பெறுபவர்கள் அநேகமாக மறுக்கவும் இல்லை. கிடைத்த பங்கை வேண்டாம் என்று சொல்வதற்கு அவர்கள் காரணம் எதையும் காணவில்லை.

சான் மக்களும் மச்சிகுவெங்கா மக்களும் பயணக் குறிப்புகளில் நெடுங்காலம் விசித்திரமானவர்களாக எழுதப்பட்டவர்கள். மனித குலத்தையே அளவாக வைத்துப் பார்த்தபோது, பல கணக்குகளில் ஓரமாய் நின்றவர்கள் அளவுகோல் பிடித்தவர்கள்தான். இதைச் சொல்ல அந்த ஆய்வாளர்கள் தேர்ந்த சொல் தற்செயலாக அமையவில்லை. பிறரை விலக்கப் பயன்பட்டதை எடுத்து, விலக்கியவர்களுக்கே பெயராக்கினார்கள். ஃபிஷர் சொன்னதை எண்களால் நிறுவியது இந்த ஆய்வு.

இதிலிருந்து தமிழில் நாம் செய்ய வேண்டியவை இரண்டு. ‘மேக்பத்’ நாடகத்தைத் தமிழாக்குவோரும் கற்பிப்போரும் அந்த மூவரைச் சூனியக்காரிகள் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடக் கூடாது. உரையாடலில் அடைமொழி வரும் ஆறு இடங்களிலும் ஊழின் மகளிர் என்றே சொல்ல வேண்டும். அப்போதுதான் மேக்பத் கேட்டது பேய்க் கிழவிகளின் பிதற்றலையா, தன் ஊழையா என்ற நாடகத்தின் ஆதாரக் கேள்வி தமிழிலும் நிற்கும்.

இரண்டாவது, அன்றாடப் பேச்சைப் பற்றியது. ‘வியர்ட்’ என்ற சொல்லை நாம் கடன் வாங்கிய வேளையில் அது மிகக் குறுகிய பொருளில் இருந்தது. அந்தக் குறுகலோடுதான் நம் பிள்ளைகளின் பேச்சுக்குள் வந்திருக்கிறது. வகுப்பில் தனித்து உட்காரும் மாணவன் மீதும், பழகாத உணவு உண்ணும் வீட்டார் மீதும், நமக்குத் தெரியாத முறையில் வழிபடுவோர் மீதும் அது விழுகிறது. அந்தச் சொல் நாவுக்கு வரும்போது அவரிடம் என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன், எனக்கு என்ன தெரியவில்லை என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளுக்கு அந்த இரண்டாவது கேள்வியைப் பழக்க வேண்டும்.